மாமியாருக்கு ஒரு டேப்லெட்!

"அத்தை, உங்களுக்கு ஒரு டேப்லெட் வாங்கலாம்னு இருக்கோம்" என்று நான் சொன்னதும் என் மாமியார் பயந்தே போய்விட்டார்.

"இருக்கிறது போதாதா? காலையிலே மூணு, ராத்திரி ரெண்டு முழுங்கறேன். இன்னும் வேற ஒண்ணா?" என்றார்.

வீட்டில் எல்லோரும் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. ஆனால் அதற்கு முன்னால் நடந்தது சிரிக்கிற விஷயமே இல்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் காட்டுப்பாக்கத்தில் வீடு. டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு தெரு தள்ளி. என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். ஒரு பையன், ஒரு பெண். நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலை முடிந்ததும் ஆரி ஒர்க் செய்து கொடுப்பேன். கல்யாண சீசனில் கைக்கு ஓய்வே இருக்காது.

மாமியாருக்கு வயது 76. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவர் படிக்காத கதை இல்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவார். "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகமும் பைண்டு செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அவருடைய கல்யாணச் சீர்களில் கடைசிவரை மிஞ்சியிருந்தது அந்தப் பெட்டியும் புத்தகங்களும்தான்.

இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆயிற்று. அது நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இருபது வருஷத்துச் சர்க்கரை வியாதி விழித்திரையைத் தொட்டுவிட்டது. "இனிமே கண்ணாடி பவரை ஏத்திப் பிரயோஜனம் இல்லேம்மா. எழுத்தைத்தான் பெரிசாக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்திரிகை எழுத்தெல்லாம் அத்தைக்கு எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிட்டது. பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். ஒரு கையில் அது, இன்னொரு கையில் புத்தகம். கை நடுக்கத்தில் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் தலைவலி வந்துவிடும்.

அதனால் மத்தியானத்தில் நான் படித்துக் காட்டுவேன். ஆரம்பத்தில் ஆசையாகத்தான் செய்தேன். 2024 வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு நாலு ஜாக்கெட் ஒப்புக்கொண்டிருந்தேன். கழுத்து வேலையே முடியவில்லை. அத்தை வந்து, "ஒரே ஒரு பக்கம் படியேம்மா" என்றார்.

"கண்ணு தெரியலேன்னா டி.வி.யைக் கேட்டுக்கிட்டு இருங்களேன் அத்தை. நான் ஒருத்தி எத்தனை வேலையைத்தான் பார்க்கிறது?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் படிக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. சாப்பாடும் குறைந்தது. நான்கூட, "வெயில் காலம், பசிக்கவில்லை போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்துக் காய்கறி வாங்கப் போய்விட்டு வருகிறேன், டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே வெறும் ரசகற்பூர வாசனை! பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டிருக்கிறார்!

"கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கும்மா? இடமாவது மிச்சமாகட்டும்" என்றார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன். தள்ளுவண்டி போயே போய்விட்டது.

அன்று ராத்திரி என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அப்போது பையன்தான், "டேப்லெட் வாங்கிக் குடுத்தா ஆயாவே படிப்பாங்கம்மா. எழுத்தை எவ்வளவு வேணும்னாலும் பெரிசாக்கலாம்" என்றான். ஆடி மாதம் எனக்குச் சீட்டுப் பணம் 20 ஆயிரம் வர இருந்தது. கம்மல் மாற்றலாம் என்றிருந்தேன். கம்மல் காத்திருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஆளுக்கு ஒரு யோசனை

வாங்குவது என்று முடிவானதும் வீடு சட்டசபை ஆகிவிட்டது!

பையன் அப்போது காலேஜில் சேர இருந்தான். "ஆப்பிள் ஐபேட்தாம்மா பெஸ்ட். வருஷக்கணக்கா உழைக்கும்" என்றான். விலை 35 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. பேனாவும் உறையும் தனிக் காசு. "அதுவும் இல்லேன்னா லெனோவோவிலே பேனாவோட ஒண்ணு வருது, நோட்ஸ் எழுதலாம்" என்றான். ஆயாவுக்கு எதற்கடா பேனா என்று நான் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

என் கணவர் சிக்கனக்காரர். "எட்டரை அங்குலத்துலே சின்னதா ஒண்ணு பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள்ளே கிடைக்கும். நம்ம அரசாங்கமே ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஆகாஷ்னு விட்டுதே!" என்றார். விட்டது உண்மைதான். 2011 அக்டோபர் 5ஆம் தேதி டில்லியில் மாணவர்களுக்காக வெளியிட்டார்கள். ஏழு அங்குலத் திரை. விரல் நுனி பட்டால் போதாது, அழுத்தினால்தான் கேட்கும். அடுத்த வருஷம் நவம்பரில் வந்த ஆகாஷ் இரண்டில்தான் அந்தக் குறையைச் சரி செய்தார்கள். விலையை மட்டும் குறைத்தால் எங்கேயோ ஒரு இடத்தில் பிடிபடும் என்பதற்கு அது ஒரு பாடம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார், "புதுசு எதுக்கு அண்ணி? என்கிட்டே பழசு ஒண்ணு சும்மா கிடக்குது" என்று யாரிடமோ கொடுத்தனுப்பினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. புது ஆப் எதுவும் ஏறவில்லை. சார்ஜ் போட்டு எடுத்தால் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. சும்மா வந்ததும் பீரோவில் சும்மாவே கிடக்கிறது.

பக்கத்துத் தெருவில் ஒருவர் பெயர் தெரியாத கம்பெனிப் பொருளை ஆறாயிரத்துக்கு வாங்கியிருந்தார். அட்டையில் என்னென்னவோ போட்டிருந்தது. மூன்றாவது மாதம் நின்று போயிற்று. ரிப்பேருக்கு எங்கே போவது என்று அவருக்கே தெரியவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் பால் கணக்கு நோட்டை எடுத்தேன். பின்பக்கத்தில் ஒரு வாரத்துக்கு எழுதி வைத்தேன். அத்தை எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறார், எதைக் கேட்கிறார், யாரோடு பேச ஆசைப்படுகிறார் என்று. வாரக் கடைசியில் மூன்றே மூன்று வேலைதான் தேறியது. படிப்பது, சிங்கப்பூரில் இருக்கும் மகளை முகம் பார்த்துப் பேசுவது, சாயங்காலத்தில் பழைய பாட்டு கேட்பது. இந்த மூன்றுக்கும் எது பொருந்துமோ அதுதான் நமக்கு வேண்டிய டேப்லெட். பெயரும் பெருமையும் அப்புறம்.

அந்த நோட்டே பல கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. நாத்தனார் பேசுவது வாட்ஸ்அப்பில். அந்தச் சமயத்தில் ஐபேடுக்கென்று வாட்ஸ்அப் கிடையாது. 2025 மே மாதத்தில்தான் வந்தது. அதனால் பையனே ஐபேடை விட்டுக்கொடுத்தான். இன்றைக்கு வாங்குகிறவர்களுக்கு அந்தத் தடை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் அப்போது வைஃபை இணைப்பு இல்லை. என் செல்போனிலிருந்துதான் மற்றவர்களுக்கு நெட் கொடுப்பேன். நான் கடைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். அத்தை பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுவிடும்! ஆகவே சிம் போடுகிற மாதிரிதான் வேண்டும் என்று தீர்மானித்தேன். ரெட்மி பேட் எஸ்.இ. என்று பதினோரு அங்குலத்தில் ஒன்று விலைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சிம் போட இடமில்லை. வீட்டில் வைஃபை இருப்பவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

கடையில் நடந்த பரீட்சை

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து, மெட்ரோ தூண்களைத் தாண்டி, அத்தையையும் அழைத்துக்கொண்டு போரூரில் ஒரு கடைக்குப் போனோம். "அவங்க எதுக்கும்மா வெயில்லே?" என்றார் இவர். "செருப்பு வாங்கப் போனா காலை வீட்டிலே விட்டுட்டா போவோம்?" என்றேன். பதில் இல்லை.

கடைப் பையன் ஒரு சினிமாவைப் போட்டுக் காட்டினான். "கலர் பாருங்க ஆன்ட்டி!" என்றான். "தம்பி, படம் அப்புறம் பார்க்கலாம். தமிழ்ச் செய்தி ஏதாவது போட்டு எழுத்தைப் பெரிசு பண்ணு" என்றேன்.

முதலில் சாம்சங் டேப் ஏ9. 8.7 அங்குலம், எடை 332 கிராம். அத்தை கையில் லகுவாக இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு மூன்று வார்த்தைதான் நிற்கிறது. படிப்பதற்குள் வரி ஓடிவிடுகிறது. "கோலத்தைத் துண்டு துண்டாப் பார்க்கிற மாதிரி இருக்குது" என்றார் அத்தை.

அடுத்தது ஏ9 பிளஸ். 11 அங்குலம். இந்த அங்குலக் கணக்கு டி.வி.யைப் போல மூலைக்கு மூலை குறுக்கே அளப்பது. எழுத்தும் கூர்மையாக இருந்தது. வரிக்கு நாலு வார்த்தை தாராளமாக நின்றது. அத்தை உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். ஒரு செய்தி முழுவதும் படித்து முடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார் பாருங்கள்... அந்தப் பார்வைக்கு எத்தனை ஜோடிக் கம்மல் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனால் எடை சுமார் 480 கிராம். அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கதை படிக்க முடியுமா? ஐந்து நிமிஷத்தில் அத்தையின் மணிக்கட்டு தாழ்ந்துவிட்டது. வீட்டில் ராமாயணம் வைத்துப் படிக்கும் மடக்குப் பலகை ஒன்று பரணில் கிடப்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. "கையிலே பிடிக்க வேண்டாம் அத்தை, பலகையிலே சாய்ச்சு வைச்சுடலாம்" என்றேன். சிம் போடுகிற ஏ9 பிளஸ் என்று முடிவாயிற்று. சீட்டுப் பணத்துக்கு மேல் கையிலிருந்தும் கொஞ்சம் போட வேண்டியிருந்தது.

மேடையும் பரணும்

கடையில் "ராம் இவ்வளவு, ஸ்டோரேஜ் இவ்வளவு" என்று ஒப்பித்தார்கள். எனக்குப் புரியவில்லை. என் பெண்தான், "அம்மா, ராம்னா சமையல் மேடை. ஸ்டோரேஜ்னா பரண்" என்றாள். எவ்வளவு சரி, பாருங்கள்! மேடை சின்னதாக இருந்தால் பரண் எவ்வளவு பெரிதாக இருந்தும் சமையல் இழுபறிதான். மேடை 4 ஜி.பி.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரணில் 64 ஜி.பி. என்று போட்டிருந்தால் அத்தனையும் நமக்கு இல்லை. மெஷினே தன் சாமான்களை அதில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும். குழந்தைகள் படம், வீடியோ நிறைய வைப்பதானால் 128 நல்லது. புத்தகங்களுக்கு இடமே வேண்டாம். நூறு புத்தகம் வைத்தாலும் ஒரு சினிமா அளவுக்குத்தான் வரும்.

வாங்குமுன் இன்னும் மூன்று விஷயம் கேளுங்கள். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் எங்கே இருக்கிறது? எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள்? பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா? டேப்லெட்டுக்கு இந்தப் பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் அந்த எண்ணை அவர்களுடைய பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம். அந்த ஆறாயிரம் ரூபாய்ச் சமாசாரத்தின் பெட்டியில் தேடிப் பார்த்தோம். எண்ணே இல்லை.

பெட்டிக்குத் திரும்பிய புத்தகம்

வீட்டுக்கு வந்ததும் பையன் முதலில் செய்த வேலை, "மதுரைத் திட்டம்" என்ற இணையத் தளத்தைத் திறந்தது. 1998 பொங்கலன்று தொடங்கியது அது. சுவிட்சர்லாந்தில் இருந்த டாக்டர் கல்யாணசுந்தரம் என்பவர் முன்னின்று, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள். எல்லாம் இலவசம். அதில் "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகமும் இருந்தது!

பலகையில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தோம். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலைப்பைப் படித்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தப் பேப்பர்காரன் இங்கேதான் கொண்டாந்து போட்டானா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

எல்லாம் உடனே சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்கு விரல் நுனி காய்ந்திருக்கும், தொட்டால் சில சமயம் கேட்காது. ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டால் கேட்கிறது. விரலை அழுத்தி வைத்துக்கொண்டே இருந்துவிடுவார், வேறு என்னென்னவோ திறந்துகொள்ளும். அமைப்புகளில், "தொட்டுப் பிடிக்கும் நேரம்" என்பதை அதிகமாக்கியதும் அந்தத் தொல்லை குறைந்தது. வெள்ளைப் பின்னணி கண் கூசுகிறது என்றார். கறுப்பில் வெள்ளை எழுத்தாக மாற்றினோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதில் பக்கத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இப்படியும் அப்படியும் நகர்த்த வேண்டும். அத்தைக்கு அது ஒத்துவரவில்லை. தட்டச்சு செய்த நூலானால் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரி தானே மடங்கிக்கொள்கிறது. பார்வை குறைந்தவர்களுக்கு இதைத்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

டாக்டரிடமும் கேட்டேன். "படிக்கிறதாலே கண் கெடாதும்மா. ஆனா திரையைப் பார்க்கும்போது இமைக்க மறந்துடுவாங்க, கண் காயும்" என்றார். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொன்னார். எங்கள் வாசல் முருங்கை மரம் அதற்குச் சரியான தூரத்தில் இருக்கிறது! சர்க்கரைக்கான கண் பரிசோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். டேப்லெட் எழுத்தைப் பெரிதாக்குமே தவிர, விழித்திரையைக் குணப்படுத்தாது.

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் வந்து, "அக்கா, பாப்பா சோறே திங்க மாட்டேங்குது, அதைக் கொஞ்சம் தாங்களேன், பாட்டுப் போட்டு ஊட்டிடறேன்" என்றாள். பாப்பாவுக்கு ஒன்றரை வயது. நான் கொடுக்கவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. பாப்பாவை அத்தை மடியில் உட்கார்த்தி வைத்து ஊட்டச் சொன்னேன். அத்தை சொன்ன காக்கா கதைக்கு இரண்டு வாய் கூடவே இறங்கியது. ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் எதுவும். 76 வயதுக்கு மருந்தாக இருப்பது ஒன்றரை வயதுக்கு ஆகாது.

என் பங்குக்கு எனக்கும் லாபம் உண்டு. சாயங்காலம் அத்தை பாட்டுக் கேட்டு முடித்ததும் நான் ஆரி டிசைன் பார்க்க எடுத்துக்கொள்வேன். எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. ஊசி போகிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் போட்டால் தையல் பிசகுவதில்லை. பாங்க் விவகாரம் மட்டும் அதில் வைத்துக்கொள்ளவில்லை. எல்லோர் கையும் படுகிற பொருளில் பணப் பெட்டி எதற்கு?

சகோதரிகளே, எந்தக் கம்பெனி என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். நான் வாங்கியதுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. வருஷத்துக்கு வருஷம் புது மாடல் வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காக வாங்குகிறீர்களோ, அவர்களை ஒரு வாரம் கவனித்துப் பால் கணக்கு நோட்டில் எழுதுங்கள். கடைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நோட்டே உங்களுக்கு வழி சொல்லும்.

போன வாரம் மத்தியானம். ஜாக்கெட்டைச் சட்டத்தில் மாட்டி உட்கார்ந்திருந்தேன். பலகைக்கு முன்னால் இருந்த அத்தை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, கை வேலையா?" என்றார்.

"இல்லே அத்தை, சொல்லுங்க."

"இந்த ஒரு பக்கத்தை நீ படியேன். நானாப் படிச்சா கதை தெரியுது. நீ படிச்சாத்தான் வந்தியத்தேவன் பேசற மாதிரி இருக்குது."

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜாக்கெட் ஒரு நாள் தாமதமாகத்தான் போயிற்று. போகட்டுமே!